சில்லின் சாவி யார் கையில்?

ஐரோப்பியக் கமிஷனுக்கும் அமெரிக்க ஆப்பிள் கம்பெனிக்கும் இடையே நாலு வருஷகாலம் நடந்துவந்த விவகாரம் ஒன்று 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி முடிவுக்கு வந்தது. ஐபோனைக் கடைக்காரரின் கருவியருகே காட்டிப் பணம் செலுத்தும் வசதியை அக்கம்பெனி தன் சொந்தப் பணப்பைச் சேவைக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டு, பாங்கிகளுக்கும் மற்றப் போட்டியாளர்களுக்கும் மறுத்துவருகிறது என்பதே கமிஷன் எழுப்பிய ஆட்சேபம். இனி ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் அவ்வசதியைப் போட்டியாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுவதாகவும், பத்து வருஷகாலம் இதற்குக் கட்டுப்பட்டு நடப்பதாகவும் கம்பெனி வாக்களித்தது. கமிஷன் அவ்வாக்குறுதியைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உத்தரவாக ஆக்கிற்று.

பணக்காரர்களுக்குள் ஏற்பட்ட லாபச் சச்சரவுதானே இது என்று தள்ளிவிடுவாரும் உண்டு. நமது அபிப்பிராயம் அதுவன்று. ஒரே சில்லில் பல பேர் குடியிருக்க வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவரையொருவர் நம்புவார் எவருமில்லை. அப்படியிருக்க, சில்லின் உள்ளே சுவர் எழுப்புவது யார், காவல் காப்பது யார், சாவியை வைத்திருப்பது யார் என்பது மிகப் பெரிய கேள்வி. ஐரோப்பாவில் ஏற்பட்ட முடிவு அக்கேள்வியின் ஒரு மூலையைத்தான் தொட்டிருக்கிறது. கைப்பேசி இன்று பணப்பையாகவும் அடையாளச் சீட்டாகவும் கடிதப் பெட்டியாகவும் ஆகிவிட்ட நம் தேசத்தில், அக்கேள்வியை நிபுணர்களின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருப்பதற்கில்லை.

விஷயத்தை முதலில் விளக்கிவிடுவது நலம். கைப்பேசியின் உயிர் நகத்தளவான சிலிகான் துண்டுகளில் இருக்கிறது. அவற்றுள் சாதாரண வேலைகளுக்கான பெரும் பகுதி ஒன்று. இரகசியங்களைக் காப்பதற்கென ஒதுக்கப்பட்ட சிறு பகுதி மற்றொன்று. இச்சிறு பகுதி, ஸிம் அட்டையில் உள்ளதைப்போலத் தனிச் சில்லாகவும் இருக்கலாம். ஆர்ம் கம்பெனியின் 'டிரஸ்ட்ஸோன்' அமைப்பைப்போலப் பெரிய சில்லுக்குள்ளேயே தடுத்துக் கட்டிய ஓர் உள்ளறையாகவும் இருக்கலாம். எப்படியிருந்தபோதிலும், சாதாரண மென்பொருள் அதனுள் எட்டிப் பார்க்க முடியாது என்பதே அதன் பெருமை.

இவ்வுள்ளறையில் யார் யார் குடியிருக்கிறார்கள்? டெலிபோன் கம்பெனி, சந்தாதாரர் இன்னார் என்று மெய்ப்பிக்கும் இரகசிய எண்ணை அங்கே வைத்திருக்கிறது. பாங்கி, அட்டைக் கணக்கின் சாவியை அங்கே வைக்க விரும்புகிறது. திரைப்படங்களைக் கைப்பேசிக்கு அனுப்பும் கம்பெனி, படத்தின் பூட்டைத் திறக்கும் சாவியை அங்கே ஒளித்துவைக்கிறது. கைப்பேசியைச் செய்தவன், சொந்தக்காரரின் கைரேகைக் குறிப்பை அங்கே பத்திரப்படுத்துகிறான். சொந்தக்காரரின் கடிதங்களையும் படங்களையும் மறைத்துக் காக்கும் பூட்டின் சாவியும் அங்கேதான் இருக்கிறது.

இக்குடிகளுக்குள் உறவு எத்தகையது? சந்தாதாரர் ஸிம் அட்டையைப் பிரதி செய்துவிடுவாரோ என்பது டெலிபோன் கம்பெனியின் அச்சம். கைப்பேசியின் சொந்தக்காரரே படத்தைத் திருடிவிடுவாரோ என்பது படக் கம்பெனியின் அச்சம். ஒரு பாங்கிக்கு மற்றொரு பாங்கியின்மேல் சந்தேகம். எல்லாப் பாங்கிகளுக்கும் கைப்பேசி செய்பவன்மேல் சந்தேகம். நம் நகரங்களில் ஒண்டுக்குடித்தனம் செய்தவர்களுக்கு இந்த நிலைமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, வாசற்கதவு ஒன்று. குடித்தனங்கள் மட்டும் ஐந்தாறு. சண்டையில்லாமல் காலந்தள்ள வேண்டுமானால் சுவர் உறுதியாயிருக்க வேண்டும். வீட்டுக்காரன் நியாயஸ்தனாயிருக்க வேண்டும்.

இப்பிரச்னை நேற்று முளைத்ததன்று. ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கும் முறையை மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1961-ல் செய்து காட்டினார்கள். அன்றே, ஒருவருடைய கணக்கில் மற்றொருவர் கைவைக்காமல் தடுப்பது எங்ஙனம் என்ற கேள்வி பிறந்துவிட்டது. அதே கழகத்தில் மைக்கேல் ஷ்ரோடர் 1972-ல் தமது டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சியின் பொருளே, ஒன்றையொன்று சந்தேகிக்கும் பிரிவுகள் ஒரே கணிப்பொறியில் ஒத்துழைப்பது எப்படி என்பதுதான். அவ்வருஷமே அமெரிக்க விமானப் படைக்காகத் தயாரான அறிக்கை ஒன்று, காவல் நிரலுக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தது. அதை எவராலும் கலைக்க முடியாதிருக்க வேண்டும். அதன் கண்ணில் படாமல் எந்தக் காரியமும் நடக்கக்கூடாது. அது சரியானதுதானா என்று முழுவதும் ஆராய்ந்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியதாயிருக்க வேண்டும். ஷ்ரோடரும் ஜெரோம் ஸால்ட்ஸரும் 1975-ல் மற்றொரு முக்கியமான விதியையும் வலியுறுத்தினார்கள்: பாதுகாப்பு, வடிவமைப்பின் இரகசியத்தை நம்பியிருக்கலாகாது, சாவி மட்டுமே இரகசியமாக இருந்தால் போதும். அரை நூற்றாண்டுக்கு முன் சொல்லப்பட்ட இவ்விதிகளை இன்றைய கம்பெனிகள் எவ்வளவு தூரம் கைக்கொண்டிருக்கின்றன என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும்.

தனிச் சில்லு அட்டைகளின் சரித்திரம் இவ்விஷயத்தில் நல்ல பாடம் கற்பிக்கிறது. ஒரே அட்டையில் பல ஸ்தாபனங்கள் குடியிருக்கும் வழி 1990-களின் இறுதியிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. 1999-ல் தோன்றிய 'குளோபல்பிளாட்ஃபார்ம்' என்னும் ஸ்தாபனத்தின் விதிகளின்படி, ஒரு சில்லில் ஒவ்வொரு குடிக்கும் தனி எல்லை வகுத்து, தனிச் சாவி கொடுத்துவிடலாம். ஒரு நிரல் மற்றொன்றின் எல்லைக்குள் நுழையாதபடி நடுவில் தடுப்பும் உண்டு. அட்டையை வழங்கியவனுக்கே தெரியாதபடி ஒரு பாங்கி தன் சாவியை உள்ளே சேர்ப்பதற்குக்கூடப் பின்னர் வழி ஏற்படுத்தினார்கள். ஆகவே, ஒருவரையொருவர் நம்பாதவர்கள் ஒரு சில்லைப் பங்கிட்டுக்கொள்வது அசாத்தியம் என்று எவரேனும் சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இவ்வளவு வசதியிருந்தும் அமெரிக்காவில் நடந்தது என்ன? 2010-ம் வருஷ இறுதியில் அந்நாட்டுப் பெரிய டெலிபோன் கம்பெனிகளில் மூன்று சேர்ந்து 'ஐஸிஸ்' என்ற பணப்பைச் சேவையைத் தொடங்குவதாக அறிவித்தன. 2011-ல் கூகிள் கம்பெனி தன் சொந்தப் பணப்பையை வெளியிட்டது. அவ்வருஷம் டிஸம்பரில், அம்மூன்றில் ஒன்றான வெரைஸன் கம்பெனி, தான் விற்கும் புதிய கைப்பேசியில் கூகிளின் பணப்பை இடம்பெற வேண்டாம் என்றது. கூகிளின் நிரல் மற்ற நிரல்களைப் போன்றதன்று, கைப்பேசியிலுள்ள பாதுகாப்புச் சில்லோடு இணைந்தாலொழிய அது வேலை செய்யாது என்பது அது கூறிய காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், அதைக் கூறியவரே போட்டிப் பணப்பையின் பங்காளி என்பதையும் உலகம் கவனித்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்வது எந்தத் தேசத்து நியாயத்துக்கும் ஒவ்வாது. தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் அதை நம்புவார் இல்லாமற் போவர்.

முடிவு எப்படி ஆயிற்று என்பதும் அறியத்தக்கது. கூகிள் 2013-ல் வெளியிட்ட ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பில் பாதுகாப்புச் சில்லையே விட்டுவிட்டு, சாதாரண மென்பொருளின் மூலமே பணம் செலுத்தும் வழியைத் திறந்தது. அட்டையின் மூலச் சாவி தொலைவிலுள்ள யந்திரத்தில் இருக்கும். கைப்பேசிக்குச் சில நாள் செல்லக்கூடிய சிறு சாவிகள் மட்டும் வரும். 'ஐஸிஸ்' பெயர் மாறி, 2015-ல் தன் தொழில் நுணுக்கத்தைக் கூகிளுக்கே விற்றுவிட்டு மறைந்தது. பெட்டகத்தின் சாவிக்காகச் சண்டையிட்டார்கள். கடைசியில் பணத்தைத் திண்ணையில் வைத்து எண்ணும் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 2024-ல் ஐரோப்பாவில் கட்டணமில்லாமல் திறக்கப்பட்டதும் இந்தத் திண்ணை வழிதான். அதற்கடுத்த மாதம், பாதுகாப்புச் சில்லையும் பிறருக்குத் திறப்பதாக ஆப்பிள் வேறு சில நாடுகளுக்கு அறிவித்தது. ஆனால் அதற்குத் தன்னோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்த முதற் பட்டியலில் இந்தியா இல்லை.

எதிர்க் கட்சியாரின் வாதத்தையும் நியாயமாக எடுத்துரைப்பது நமது கடமை. உள்ளறையில் குடிகள் பெருகப் பெருகக் கதவுகளும் பெருகும். கதவு பெருகினால் திருடனுக்கு வழியும் பெருகும். ஆதலால் பொறுப்பு முழுவதும் ஒரே கம்பெனியிடம் இருப்பதே க்ஷேமம் என்கிறார்கள் அவர்கள். இது வெறும் சுயநல வாதமன்று. பிழையுள்ள நிரலை எவனும் உள்ளே கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டால் கேடு நிச்சயம். ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது பிழையைத் திருத்தும் காரியம் விரைவாக நடக்கிறது என்பதும் அனுபவத்தில் கண்டதே. ஆனால் இவ்வாதத்திலிருந்து வெளிப்படும் முடிவு ஒன்றுதான்: சுவர் உறுதியாக இருக்க வேண்டும், புதுக் குடியைச் சோதித்தே அனுமதிக்க வேண்டும். அச்சோதனையைச் செய்பவன் போட்டி வியாபாரியாகவே இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து எவ்வாறு பெறப்படும்?

உள்ளறையின் சுவர்கள் உண்மையில் எப்படி இருந்தன என்பதற்கு 2016-ல் வெளிவந்த ஒரு சம்பவமே போதிய சாட்சி. குவால்காம் கம்பெனியின் சில்லுகள் உலகமெங்கும் கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருக்கின்றன. அவற்றின் உள்ளறையில் திரைப்பட உரிமையைக் காக்கும் சிறு நிரல் ஒன்று குடியிருந்தது. அந்நிரலில் இருந்த பிழை வழியாக ஓர் ஆராய்ச்சியாளர் உள்ளே புகுந்தார். அங்கிருந்து காவல் நிரலிலிருந்த மற்றொரு பிழையைப் பிடித்து ஏறினார். முடிவில் சொந்தக்காரரின் கைப்பேசிச் சேமிப்பு முழுவதையும் காக்கும் பூட்டின் சாவியை வெளியே எடுத்துக் காட்டினார். பிழைகள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் அதன் தாத்பரியத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். படம் பார்ப்பவன் திருடிவிடக்கூடாதென்று படக் கம்பெனி வைத்த காவற்காரனின் கவனக்குறைவால், படம் பார்ப்பவனின் சொந்தப் பெட்டியே திறந்துபோயிற்று! இருவருக்கும் ஒட்டுறவு ஏதுமில்லை. ஒருவருடைய லாபத்துக்காக வைத்த கதவால் மற்றொருவருடைய பெட்டிக்கு அபாயம் நேர்ந்தது. ஒரே அறையில் எல்லோரையும் அடைத்து, நடுச்சுவர்களை மெலிதாக விட்டதன் பலன் இது. 'எங்களை நம்புங்கள்' என்று ஒரு கம்பெனி சொல்லுவது நடுச்சுவருக்கு ஈடாகாது.

இரகசியத்தில் கட்டிய சுவரின் யோக்கியதையும் இப்படித்தான். ஸாம்ஸங் கம்பெனியின் கைப்பேசிகளில் உள்ளறைச் சாவிகளை மூடிவைக்கும் முறையில் பெரிய குறை இருப்பதை டெல் அவீவ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2022-ல் வெளியிட்டார்கள். சுமார் 10 கோடிக் கைப்பேசிகள் அதற்கு உட்பட்டவை என்பது அவர்களுடைய கணக்கு. மறைகுறியியலைக் கற்கத் தொடங்குபவர்களுக்கே எச்சரிக்கையாகச் சொல்லிக் கொடுக்கும் தவறு அது. வடிவமைப்பு வெளிப்படையாக இருந்திருந்தால், அத்தனை கைப்பேசிகள் விற்பனையாகும் முன்பே ஒரு மாணவன் அதைச் சுட்டிக்காட்டியிருக்கக்கூடும். அதற்கு முன் 2017-ல், இன்ஃபினியன் கம்பெனியின் சில்லுகளில் சாவி தயாரிக்கும் நிரலில் குறை தெரியவந்தது. அச்சில்லைப் பிரஜைகளின் அடையாள அட்டையில் பயன்படுத்திவந்த சிறு நாடான எஸ்டோனியா, ஏறக்குறைய 7,60,000 அட்டைகளின் அத்தாட்சிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. கையெழுத்து, தேர்தல் வாக்கு, சர்க்கார் மனு எல்லாவற்றையும் அட்டையின் மூலம் நடத்திவந்த நாட்டுக்கு அது எத்தகைய சோதனை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அயல்நாட்டுக் கம்பெனி ஒன்றின் மூடிய நிரலில் இருந்த ஒரு தவறு, ஒரு ராஜ்யத்தின் நிர்வாகத்தையே கலக்கிவிட்டது.

ஆயினும், வடிவமைப்பைத் திறந்து வைத்துச் சுவரைக் கெட்டிப்படுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி நேயர்களை நாம் ஏமாற்றப் போவதில்லை. சுவர் எவ்வளவு தடிப்பானாலும் அடுத்த வீட்டு அம்மி அரைக்கும் சத்தம் கேட்கத்தான் செய்யும். பட்லர் லாம்ப்ஸன் என்ற அறிஞர் 1973-லேயே இதை எடுத்துக் காட்டினார். ஒரு நிரல் எந்தச் செய்தியையும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அது யந்திரத்தை உபயோகிக்கும் விதத்தாலேயே செய்தி கசியலாம் என்பது அவர் கண்டது. 2018 ஜனவரியில் வெளியான 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற குறைகள் இந்த எச்சரிக்கையை உலகத்துக்கே நிரூபித்துவிட்டன. வேகத்தை விரும்பிய சில்லு செய்பவர்கள், அடுத்து வரக்கூடிய வேலையை முன்கூட்டியே ஊகித்துச் செய்து வைக்கும் தந்திரத்தைப் பல வருஷங்களாகக் கையாண்டு வந்தார்கள். ஊகம் தவறினால் அவ்வேலையைச் சில்லு தள்ளிவிடும். ஆனால் அதன் சுவடு பொதுத் தற்காலிக நினைவகத்தில் தங்கிவிடும். நினைவகம் எவ்வளவு விரைவாக விடை கொடுக்கிறது என்று அளந்து பார்த்தே, அடுத்த குடியின் இரகசியத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் 'ஃபோர்ஷாடோ' என்ற மற்றொரு குறை வெளியாயிற்று. கணிப்பொறியின் சொந்தக்காரரிடமிருந்தும் இரகசியத்தைக் காப்பதாக இன்டெல் கம்பெனி விளம்பரப்படுத்திய உள்ளறையிலிருந்தே, உண்மையான அறைதான் என்று உலகுக்குச் சான்று கூறும் முத்திரைச் சாவியை அதன்மூலம் எடுத்துவிட்டார்கள். முத்திரையே களவு போனபின் பத்திரத்துக்கு மதிப்பேது?

ஆகவே பங்கிட்டு வாழ்வதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு குடி எழுந்து மற்றொரு குடி உட்காரும்போது தற்காலிக நினைவகத்தைத் துடைக்க வேண்டும். அல்லது அதைப் பாகம் பிரித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். இரண்டு முறையிலும் வேகம் குறையும். வேகமும் வேண்டும், பந்தோபஸ்தும் வேண்டும், செலவும் கூடாது என்பவர்களுக்கு எந்தச் சில்லும் திருப்தியளிக்காது. மிகப் பெரிய இரகசியங்களுக்குத் தனிச் சில்லே தகும். நடுத்தரமானவற்றுக்குத் தடுத்த அறை போதும். மற்றவற்றுக்குத் திண்ணையே போதும். எது எங்கே இருக்கிறது என்பதை ஜனங்களுக்கு உள்ளபடி சொல்லிவிடுவதுதான் யோக்கியமான வியாபாரம்.

நம்பிக்கையளிக்கும் காரியங்களும் நடந்தே வருகின்றன. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் 'எஸ்.இ.எல்.4' என்னும் காவல் நிரலின் சுத்தத்தைக் கணித முறைப்படி நிரூபித்தார்கள். அதன் நீளம் சுமார் 8,700 வரிகள்தான். நிரூபணமோ சுமார் 2,00,000 வரிகள்! சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்ற அனுமானத்தின்மேல் நின்ற நிரூபணம் அது. காலத்தை அளந்து இரகசியம் அறியும் களவை அது தடுத்துவிடாது. எனினும் 1972-ல் கேட்ட மூன்றாவது இலக்கணம், அதாவது முழுவதும் ஆராய்ந்து பார்க்கத்தக்க சிறுமை, வெறுங் கனவன்று என்பது அன்று விளங்கிற்று. அந்நிரலை 2014-ல் எவரும் பார்க்கும்படி வெளியிட்டும்விட்டார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை.

சில்லின் வடிவமைப்பிலும் இத்தகைய கதவு திறந்திருக்கிறது. கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் 2010-ல் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் கட்டளைத் தொகுதியை எவரும் உரிமைக் கட்டணமின்றிக் கைக்கொள்ளலாம். அதை ஆதாரமாகக் கொண்டு நமது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' என்ற சில்லு வரிசையை வடிவமைத்தார்கள். அவ்வரிசையில் 2018-ல் உருவான சில்லுகளில் ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும் மற்றொன்று சண்டிகரிலும் தயாரிக்கப்பட்டன. இங்கே பெரிய விசேஷம், அதன் வடிவமைப்பை எவரும் எடுத்துப் படித்துச் சோதிக்கலாம் என்பது. இந்தச் சில்லு இன்றே உலகச் சந்தையில் முன்னணிக் கம்பெனிகளை வென்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. சுவரை யார் கட்டினார், எப்படிக் கட்டினார் என்பதை நாமே பார்த்து அறியும் ஒரு வழி நம் கைக்கெட்டிய தூரத்தில் உண்டு என்பதையே சொல்லுகிறோம்.

இவையெல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், ஒரு சில்லில் பலர் வாழ்வதற்கு நான்கு நிபந்தனைகள் அவசியம் என்பது நமது முடிவு.

முதலாவது, சுவர் கட்டுபவன் தானும் ஒரு குடியாக இருந்தால், மற்றக் குடிகளுக்கு விதிக்கும் சட்டத்துக்குத் தானும் உட்பட வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டவன் முறையிட்டுக்கொள்ள, அக்கம்பெனியின் கைக்கு வெளியே ஒரு நடுவர் வேண்டும். ஐரோப்பிய உத்தரவில் தகராறு தீர்ப்பதற்கும், வாக்குறுதி நிறைவேறுகிறதா என்று மேற்பார்ப்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம்.

இரண்டாவது, காவல் நிரல் சிறியதாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். எல்லாருடைய சொத்தையும் காக்கும் நிரலை எல்லாரும் பார்ப்பதற்குத் தடை இருக்கலாகாது.

மூன்றாவது, மூலச் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது. கோவில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு சாவிகளை இரண்டு பேரிடம் கொடுப்பது, அவர்கள் திருடர் என்பதனாலன்று. திருடு நடந்தால் ஒருவர்மேல் மட்டும் பழி விழாமலிருக்கவும், திருட்டுக்கே வழியில்லாமலிருக்கவும்தான். குடி தன் சாவியை வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் உள்ளே சேர்க்கும் முறை உண்டு என்று முன்னே சொன்னோம். அது விசேஷச் சலுகையாக இராமல் சாதாரண விதியாக ஆகவேண்டும்.

நான்காவது நிபந்தனையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கம்பெனிகளின் உரிமையைப்பற்றி இவ்வளவு வாதம் நடக்கிறது; விலை கொடுத்து வாங்கியவனுடைய உரிமை என்ன? தன் பையிலுள்ள சில்லில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் வெளியேற்றவும் அவனுக்கு அதிகாரமில்லை. இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாக வகுக்க வேண்டும். குடியின் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமையைச் சொந்தக்காரனுக்குக் கொடு என்று நாம் கேட்கவில்லை. அதைக் கொடுத்தால், சொந்தக்காரன் வேஷத்தில் வரும் திருடனும் திறந்துவிடுவான். பாங்கிகள் எதையும் அங்கே வைக்கமாட்டா. நாம் கேட்பது மூன்று உரிமைகள்: குடிகளின் பெயரை அறியும் உரிமை, புதுக் குடியைச் சம்மதித்துச் சேர்க்கும் உரிமை, வேண்டாத குடியை வெளியேற்றும் உரிமை. வாடகைக்கு விட்ட அறையில் குடித்தனக்காரனின் பெட்டியைத் திறக்க வீட்டுக்காரனுக்கு அதிகாரமில்லை. ஆனால் அங்கே குடியிருப்பவர் யார் என்று அறியவும், முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லவும் அவனுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தச் சாமான்ய நீதியையே சில்லுக்கும் கேட்கிறோம்.

நம் நாட்டுச் சர்க்கார் செய்யக்கூடியது என்ன? சில்லுத் தொழிலை வளர்க்க மத்திய சர்க்கார் 2021 டிஸம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஆலைகள் எந்த மாகாணத்துக்கு வரும் என்பதைப்பற்றி எவ்வளவோ பேச்சு நடந்துவருகிறது. ஆனால், இங்கே தயாராகும் சில்லின் மூலச் சாவி எங்கே இருக்கும் என்று கேட்பார் குறைவு. சில்லு நம் மண்ணில் தயாராகியும் அதன் சாவி அயலான் பெட்டியில் இருக்குமானால், நம் கையில் இருப்பது பெட்டி மட்டுமே. சாவி உள்நாட்டு முதலாளி ஒருவன் கையில் மட்டும் இருந்தாலும் நமது ஆட்சேபம் குறையாது. சர்க்காரே தனியாக அதை வைத்துக்கொண்டால் ஆட்சேபம் இன்னும் பலமடங்காகும்; பிரஜையின் கடிதப் பெட்டியைத் திறக்கும் ஒற்றைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநாள் யோக்கியமாக நடந்த அதிகாரத்தைச் சரித்திரத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது என்பதுதான் நமது கட்சி.

சட்டம் இல்லை என்றும் சாக்குச் சொல்வதற்கில்லை. கைப்பேசி மென்பொருள் சம்பந்தமாக இந்தியப் போட்டிக் கமிஷன் 2022 அக்டோபரில் கூகிள் கம்பெனிக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல் முறையீட்டிலும் அத்தொகை 2023-ல் உறுதி செய்யப்பட்டது. மேல்மாடியில் நடந்த அநியாயத்தை விசாரிக்கத் தெரிந்த கமிஷன், அஸ்திவாரத்தில் நடப்பதையும் விசாரிக்கலாம். சர்க்கார் தானே ஒரு பெரிய வாடிக்கைக்காரர் என்பதும் நினைவிலிருக்கட்டும். அடையாள அட்டை, கைரேகைக் கருவி, கடைகளில் பணம் வாங்கும் கருவி ஆகியவற்றைச் சர்க்காரும் சர்க்கார் பாங்கிகளும் வாங்கும்போது, மேற்சொன்ன நான்கு நிபந்தனைகளையும் டெண்டரிலேயே எழுதிவிட்டால், இணங்காத கம்பெனிகள் எத்தனை நாள் பிடிவாதம் பிடிக்கும்? ஐரோப்பியர் நாலு வருஷம் வாதாடிப் பெற்றதை நாம் வாங்கும் பலத்தைக்கொண்டே விரைவில் பெறலாம்.

இதற்கு முதற்படி, இது நிபுணர்களின் விஷயம் என்ற மயக்கம் ஒழிவதுதான். நிலத்தின் அளவைக் கணக்கன் அளக்கலாம்; நிலம் யாருடையது என்று தீர்மானிப்பது கணக்கன் வேலையன்று. சுவரின் தடிப்பை நிபுணர்கள் கணக்கிட்டுச் சொல்லட்டும். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை ஜனங்கள் சொல்லவேண்டும். சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் இருக்கும் நம் பிரதிநிதிகளை, அடுத்த கூட்டத்திலேயே இக்கேள்வியைக் கேட்கும்படி தொண்டர்கள் தூண்டவேண்டும்.